அப்புத்தளை மலையில் நாங்கள் தேடிய பெயர்கள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்விச் சுற்றுலாக் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகக் கல்விச் சுற்றுலா செல்வதென்று செயற்குழு தீர்மானித்தபோது பலரும் நுவரெலியாவைத்தான் சொன்னார்கள். நாங்கள் சிலர் அப்புத்தளையைச் சொன்னோம். அதற்கொரு காரணம் இருந்தது. நாம் சீருடையோடு அவசர அவசரமாகக் கடந்துவந்த கல்முனைப் பிரதான வீதி இருக்கிறதல்லவா, அது ஏ4 நெடுஞ்சாலை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடிகிற வீதி. அப்புத்தளைக்கு ஏறுகிற பெரகல சந்தியும் இதே வீதியில்தான் இருக்கிறது. நமது ஊரின் நடுவால் போகிற வீதியில் ஏறினால், வேறொரு வீதிக்குத் திரும்பாமலே அந்த மலையின் வாசல்வரை போய்விடலாம்.

அம்பாறை வழியாகப் போனால் தூரம் குறையும் என்று சாரதி சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் போகும்போது ஏ4 வீதியை விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தோம். சுபஹுத் தொழுகை முடிந்து புறப்பட்டோம். பொத்துவிலில் கடல் பின்னால் போனது. லகுகலைக் காடு, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள, வெல்லவாய என்று வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வெல்லவாயவுக்குப் பின் வீதி வளைந்து வளைந்து மேலே போகத் தொடங்கியது. தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து வீதியோரத்தில் விழுகிறது. அங்கே இறங்கி முகம் கழுவினோம். பிறகு கொஸ்லந்தை. அந்த ஊரைப்பற்றிப் பின்னர் சொல்கிறோம். பெரகலவில் ஏ4 வீதியை விட்டுத் திரும்பி மேலே ஏறினோம்.

அப்புத்தளை மிகச் சிறிய நகரம். ஒரு கத்தியின் முதுகில் வைத்ததுபோல மலைமுகட்டில் இருக்கிறது. உயரம் 1,400 மீற்றருக்கு மேல். கடைவீதியில் நடந்துபோனால் ஒரு பக்கம் வீதி முடிந்து வானம் தொடங்குகிறது. தெற்கே கீழ்நாட்டுச் சமவெளி தட்டையாகக் கிடக்கிறது. வடக்கே திரும்பினால் ஊவாவின் மலைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. நகரின் நடுவே தண்டவாளம் குறுக்கிடுகிறது. ரயில் வரும்போது வாழைப்பழம் விற்பவரும், பாடசாலைப் பிள்ளைகளும், சுற்றுலாப் பயணிகளும் ஒன்றாக நின்று பார்க்கிறார்கள். மூன்று மொழியும் ஒரே கடையில் கேட்கிறது. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஒரு கடைக்காரர், “கிழக்குப் பக்கமா?” என்று விசாரித்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தார்.

இந்தச் சிறிய நகரம் ஒரு காலத்தில் உலக வியாபாரத்தின் முக்கியமான முனையாக இருந்தது. அதன் கதை தேயிலையில் அல்ல, கோப்பியில் தொடங்குகிறது. ஆங்கிலேயர் மலைக்காடுகளை வெட்டி முதலில் கோப்பிதான் நட்டார்கள். 1870களின் இறுதியில் இலங்கையில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி இருந்தது. ஆனால் 1869 ஆம் ஆண்டிலேயே இலைகளில் செம்மஞ்சள் புள்ளியாக ஒரு பூஞ்சை நோய் தென்பட்டிருந்தது. பெரிதாக யாரும் பயப்படவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலே சாய்ந்துவிட்டது. கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி செத்த நிலத்தில் அந்தச் செடி பரவியது.

கோப்பியால் நொடிந்துபோன தோட்டங்கள் மலிவாக விலைப்பட்ட நேரத்தில்தான், 1890 ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை வியாபாரத்தால் பெரும் பணக்காரராகியிருந்த தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்தார். அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். நகரத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை அதே 1890 இல் கட்டப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் சொந்தத் தோட்டத்துத் தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டி, அளவையும் விலையையும் அச்சிட்டு, சாதாரண மக்கள் வாங்கும்படி விற்றதுதான் அவருடைய சாமர்த்தியம்.

ரயில் பாதையும் இந்தத் தொழிலுக்காகவே மேலே ஏறியது. 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை, 1924 இல் பதுளை. வழியில் பட்டிப்பொல நிலையம் 1,898 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான நிலையம் அதுதான். சமதரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, பாறையைக் குடைந்தும் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்தும் போகிற அந்தப் பாதையைப் பார்க்கையில், இதை வெட்டிய கைகள் யாருடையவை என்ற கேள்விதான் முதலில் வந்தது. அன்று முழுவதும் அந்தக் கேள்வி எங்களைவிட்டுப் போகவில்லை.

தம்பேதென்ன தொழிற்சாலை நீளமான, பல மாடிகள் கொண்ட வெள்ளைக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வருகிற வாசனையை வீட்டுத் தேத்தண்ணியின் வாசனை என்று நினைக்கவேண்டாம். பச்சிலையும் ஈரமும் இரும்பும் கலந்த ஒரு வாசனை அது. மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பிக் காற்றடித்து வாட்டுகிறார்கள். பிறகு உருட்டும் இயந்திரத்தில் அது நசுங்கிச் சுருள்கிறது. நசுங்கிய இலையைக் குளிர்ந்த இடத்தில் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுப் பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. தேயிலைக்கு நிறமும் சுவையும் வருகிற இடம் இதுதான். எத்தனை நிமிடம் விடவேண்டும் என்பதை மூக்கால் அறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்னர் சூடான காற்றில் உலர்த்தல், சலித்தல், தரம் பிரித்தல். நாம் கடையில் ‘டஸ்ட்’ என்றும் ‘பிஓபி’ என்றும் கேட்டு வாங்குவதெல்லாம் அந்தச் சல்லடையில் பிரிந்து விழுகிற அளவுகளின் பெயர்கள்தான். 100 கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஏறக்குறைய 22 கிலோ தேயிலை வரும்.

இங்கே எங்களுக்கு ஒரு புதினம் காத்திருந்தது. ஊவாத் தேயிலையின் விசேட வாசனை ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் வருகிறதாம். காரணம் கச்சான் காற்று. கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கச்சானைப்பற்றி நமக்கா சொல்லித்தர வேண்டும்! உதடு வெடிக்க, கதவு படபடக்க, காயப்போட்ட உடுப்பு பக்கத்து வளவுக்குப் பறக்க, உம்மாமார் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்துகிற அந்தக் காற்றுத்தான். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. ஊவாவில் அது கொழுந்தை வாட்டி வாசனையை ஏற்றுகிறது. அப்படியே கீழிறங்கி நம் கரைக்கு வரும்போது சுடுகாற்றாக வருகிறது. தேயிலை உலர்த்துவதற்கு அந்தக் காலத்தில் பெல்பாஸ்ட் நகரில் செய்து அனுப்பிய புகழ்பெற்ற இயந்திரத்திற்கும் ‘சிறொக்கோ’ என்ற ஒரு சுடுகாற்றின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நாம் இத்தனை காலமும் திட்டித் தீர்த்த காற்றுக்கு உலகச் சந்தையில் இப்படியொரு மதிப்பு இருந்திருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்து மலைக்கு ஏறினோம். பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையின் வார் நெற்றியில் அழுந்தியிருக்க, இரு கைகளும் தனித்தனியே வேலை செய்கின்றன. இரண்டு இலை, ஒரு மொட்டு. அதற்குக் கீழே முற்றல் இலை சேர்ந்தால் நிறுக்கும்போது கழித்துவிடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு ‘நிரை’. காலையில் ‘பெரட்டு’, அதாவது ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் கூட்டம். குழந்தைகளை விட்டுவிட்டு வர ‘பிள்ளைக்காம்பரா’. மாலையில் நிறுவை. இந்தச் சொற்களையெல்லாம் எங்களோடு பேசிய ஒரு மூத்த பெண்மணி சொல்லித்தந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். எங்கள் கைகளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, இது பேனை பிடித்த கை என்றார்.

அவர் சொன்ன சொற்களில் ஒன்று எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டது. அது ‘பேர்’ என்ற சொல். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளக் கணக்கைப் ‘பேர்’ என்கிறார்கள். செக்ரோலில் அன்று உங்கள் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலை பதிவானால் உங்களுக்குப் பேர் விழுந்தது. சொன்ன கிலோ நிறையாவிட்டால் ‘அரைப்பேர்’. ஒரு பெண் விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, அட்டை கடிக்க மலையேறி, மழையில் நின்று எடுத்த கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால் அவள் அன்று அரைப்பேர்தான்.

ஆசிரியத் தொழில் செய்கிற எங்களில் ஒருவர் அங்கேயே கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால், அதிலிருந்து ஏறக்குறைய 4 கிலோ தேயிலை வரும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 2,000 கோப்பை. பல வருடப் போராட்டத்திற்குப் பிறகு 2021 ஆம் ஆண்டில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அப்படியானால் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் அதைப் பறித்தவளுக்குக் கிடைத்தது 50 சதம். அதன் பின்னர் சம்பளம் கூடியிருக்கிறது, அரிசியின் விலையும் கூடியிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதே 1984 இல்தான் வந்தது. அதற்கு முன் நூறு வருடத்துக்கும் மேலாக, இந்தத் தொழிலின் அடிப்படையான வேலையைச் செய்தவர்களுக்குப் பெண் என்பதற்காகவே குறைந்த கூலி கொடுக்கப்பட்டது.

இன்னும் மேலே போனால் ‘லிப்டன் சீற்’ என்ற இடம். லிப்டன் அங்கே அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். முகில் இல்லாத காலைவேளையில் தெற்கே மிகத் தொலைவுவரை கண் போகிறது. அங்கே அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. கோப்பையும் கையுமாக வாங்கில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அவர் கெட்டிக்கார வியாபாரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிலைக்குச் சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை பச்சையாகத் தெரிகிற ஒவ்வொரு செடியையும் நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்த ஆட்களில் ஒருவருடைய பெயரையும் நாங்கள் அந்த மலையில் காணவில்லை. அவர்களுடைய பெயர்கள் நாள்தோறும் எழுதப்பட்ட புத்தகம் செக்ரோல் ஒன்றுதான். அதுவும் கூலிக் கணக்குக்காக.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது நமக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக வந்தது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் என்று தமிழகத்தின் பஞ்சம் பட்ட ஊர்களிலிருந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள். வழியில் இறந்தவர்கள் பலர். 2023 ஆம் ஆண்டு, வந்து 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்து, மலையக மக்களும் அவர்களது நண்பர்களும் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எழுதிக்கொண்டது. அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். நிலையத்தில் நின்றவர்களும் அழுதார்கள், போனவர்களும் அழுதார்கள். அந்த நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003 இல்தான் வந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. நிர்வாகம் இத்தனை கை மாறிய பின்பும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைகளில் குடும்பங்கள் இருக்கின்றன.

இந்த வரலாற்றில் பெயர் தெரிந்த ஒரு பெண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். தொழிற்சங்கத்தை மலைநாட்டில் வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. 1930களில், தோட்டத்துக்குள் கூட்டம் போடவே அனுமதியில்லாத காலத்தில், அவர் பாட்டெழுதி, கூட்டங்களில் தானே பாடி, வாசிக்கத் தெரியாத பெண்களுக்கும் உரிமை என்றால் என்னவென்று விளங்கவைத்தார். நம் தங்கைமார் அவரைத் தேடிப் படிக்கவேண்டும்.

பிற்பகலில் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போனோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் இருந்தோம். புத்தகங்கள் கொண்டுபோயிருந்தோம், கொடுத்தோம். ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் கடலைப்பற்றித்தான். அலைச் சத்தத்தில் எப்படி நித்திரை வரும்? கடலுக்கு வாசனை உண்டா? அந்த வகுப்பில் பலர் கடலைப் பார்த்ததில்லை. ஒரு பிள்ளை, சுனாமிக்குப் பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள், பயமில்லையா என்று கேட்டாள். நாங்கள் பதிலுக்கு, உங்களுக்கு மலையைப் பார்த்துப் பயமில்லையா என்றோம். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏனென்றால் அவர்களுக்குக் கொஸ்லந்தை தெரியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, புதன்கிழமை காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு வேறு வீடு வரவில்லை. அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. திரும்பும் வழியில் கொஸ்லந்தையில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரும் அமைதியாக நின்றோம். அதே ஏ4 வீதி. 2004 டிசம்பர் 26 இல் இந்த வீதியின் மறுகரையில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று நாம் இழந்தவர்களின் முகங்கள் எங்களுக்கு வந்தன. கடலையும் மலையையும் குறைசொல்ல நாங்கள் நிற்கவில்லை. ஆபத்து தெரிந்த இடத்தில் ஒரு குடும்பம் ஏன் இருக்கிறது என்றால், அங்கே இருந்து போக அவர்களுக்குச் சொந்தமாக ஓரிடம் இல்லை. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம்.

இங்கேதான் நம் ஊரை நினைத்தோம். நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. எத்தனை ஏழை வாப்பாவும் பிள்ளை பிறந்த நாளிலிருந்து கல் கல்லாகச் சேர்த்து மகளுக்கு வீடு கட்டுவார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இந்த வழக்கத்தால் வரும் சுமையை நாம் அறிவோம், அதைப்பற்றிப் பேசவும் வேண்டும். ஆனால் கணவன் இல்லாமற் போனாலும் அவள் தெருவுக்கு வரமாட்டாள் என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. சுனாமிக்குப் பின் வீடுகள் கட்டிக்கொடுக்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு சொல்லால், பெண்ணின் வளவுக்குப் பதிலாக வந்த வீட்டின் உறுதி பல இடங்களில் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. எழுதுகிறவருக்கு அது ஒரு படிவத்தில் ஒரு கோடு. நம் பெண்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. ஒரு தாளில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பது சின்ன விடயமல்ல என்பதை மலையகப் பெண்ணும் அறிவாள், கரையோரப் பெண்ணும் அறிவாள்.

தோழியரே, நமக்கும் ஒரு தொழில் வரலாறு இருக்கிறது. மருதமுனைக் கைத்தறியை எல்லோரும் அறிவார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் அந்தத் தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1977 க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் வெளிநாட்டுத் துணி குவிந்தபோது பல தறிகள் மௌனமாயின. இன்றும் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். நெய்தவர் பெயரும் முதலாளி பெயரும் ஊரில் தெரியும். ஆனால் நூலுக்குச் சாயம் போட்டது யார்? வெயிலில் காயப்போட்டு, இராட்டையில் சுற்றி, தார் போட்டு, அறுந்த இழையை முடிந்து கொடுத்தது யார்? நம்முடைய மூத்தம்மாமார்தான். அந்தக் காசில்தான் எங்களில் பலருக்குப் பாடசாலைச் சப்பாத்து வந்தது. அவர்களைத் தொழிலாளர் என்று யாரும் எழுதவில்லை, வீட்டில் சும்மா இருந்தவர்கள் என்றுதான் எழுதினார்கள்.

அப்புத்தளையிலிருந்து திரும்பிய பிறகு, இந்த நூற்றாண்டு மலருக்காகச் சேர்ந்திருந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தோம். முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கு ‘மாணவியர்’ என்ற ஒரே சொல். ஆரம்ப காலப் படங்களில் ஓரமாக முக்காட்டோடு நிற்கிற பெண்கள் யார் என்று கேட்டால், ஒருவர் மணியடித்த ராத்தாவாக இருக்கலாம் என்கிறார், ஒருவர் தண்ணீர் அள்ளி வைத்த உம்மாவாக இருக்கலாம் என்கிறார். நூறு வருடம் ஒரு பெண்கள் சங்கம் நிமிர்ந்து நிற்க, இவர்கள் எல்லோருடைய கையும் பட்டிருக்கிறது.

ஆகவே சுற்றுலாக் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, இந்த மலரில் அச்சாகும் பழைய குழுப்படங்களின் கீழே வெற்றுக் கோடுகள் விட்டிருக்கிறோம். டோகாவில் இருந்தாலும் டொரொண்டோவில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும், உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் படத்தைக் காட்டி, தெரிந்த பெயரை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு முகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தாலும் அது பெரிய காரியம். ஞாபகம் உள்ளவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.

இரண்டாவது, தறியோடு வாழ்ந்த பெண்களின் பேச்சைப் பதிவுசெய்ய ஒரு சிறு குழு அமைக்கிறோம். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு மூத்தம்மாவின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருங்கள். எந்த நூல், என்ன கூலி, யாரிடம் படித்தார் என்று கேளுங்கள். முதலில், எனக்கென்ன தெரியும் மகள் என்பார்கள். பிறகு நிறுத்தமாட்டார்கள்.

மூன்றாவது, அந்தத் தோட்டப் பாடசாலையின் உயர்தரப் பிள்ளைகளை, அடுத்த விடுமுறையில், அவர்களது ஆசிரியர்களோடு இங்கே அழைப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். தங்க வீடுகள் வேண்டும், சமைக்கக் கைகள் வேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். கடலுக்கு வாசனை உண்டா என்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. வந்து பார் என்று சொல்லியிருக்கிறோம். பட்டியல் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. போகும்போது உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், முழுப்பெயராக எழுதுங்கள்.